அப்பாவின் பதில் இருக்கிறது. அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறதா?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் பேசியது, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



"பரம்பரை எதிர்பார்ப்புகளை விடுத்து நம்மை நாமே கண்டறிவோம்" என்று தலைப்பை எழுதி என் கையில் கொடுத்தார்கள். கேட்பதற்கு நல்ல தலைப்புதான். ஆனால், நேரலையில் முதல் தொலைபேசி அழைப்பு வந்ததுமே அந்தத் தலைப்பின் அழகெல்லாம் காற்றில் போய்விட்டது.

மெர்லிமாவிலிருந்து ஓர் அம்மா பேசினார். "மகனுக்குத் தனியார் கல்லூரியில மருத்துவம் படிக்க இடம் கிடைச்சிருக்கும்மா. வீட்டை அடமானம் வைக்கக்கூட நாங்க தயார். அவன் என்னடான்னா சமையல் படிக்கப் போறேங்கிறான். நீங்க டி.வி.ல இருக்கிறவங்க. நீங்க சொன்னா கேப்பான். கொஞ்சம் புத்தி சொல்லுங்கம்மா" என்றார்.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே எங்களைப் போன்ற அறிவிப்பாளர்களிடம் ஒரு வசனம் தயாராக இருக்கும். "பிள்ளைகளின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு விளம்பர இடைவேளைக்குப் போய்விடலாம். அன்று எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால், அந்த அம்மாவின் குரலில் இருந்தது பேராசை இல்லை, பயம். "அம்மா, கொஞ்ச நேரம் இணைப்பிலேயே இருங்கள். கடைசியில் உங்களிடம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியே பேசினேன்.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மலாக்காக்காரர்களுக்கு அது அதிக தூரமில்லை. புக்கிட் லிந்தாங் வரை போனால் போதும்.

பால்மரம் நம் பரம்பரைச் சொத்தா?

"நாங்கள் பரம்பரை பரம்பரையாகப் பால்மரம் வெட்டியவர்கள்" என்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால், 1896க்கு முன் இந்த நாட்டில் வணிக முறையில் ரப்பர் தோட்டம் என்ற ஒன்றே கிடையாது. அந்த ஆண்டில்தான் டான் சே யான் என்ற மலாக்கா பாபா, புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அக்காலத்தில் இங்கே மரவள்ளிதான் பணப்பயிர். ரப்பர் நடச் சொல்லி எல்லாரிடமும் போய்ப் பேசிக்கொண்டிருந்தவர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஹென்ரி ரிட்லி. தோட்ட முதலாளிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் "பைத்தியக்கார ரிட்லி". நட்டால் பால் பார்க்க ஐந்தாறு வருடம் ஆகும் மரத்தை யார் நடுவார்கள்? டான் சே யான் நட்டார். பழக்கமான பயிரை விட்டுவிட்டு ஒருவர் எடுத்த துணிச்சலான முடிவுதான், நம் தாத்தா பாட்டிக்குத் தலைமுறைத் தொழில் ஆனது. வேடிக்கை என்னவென்றால், இன்று நாம் அதை மாற்றவே முடியாத பழைய விதி போலப் பேசுகிறோம்.

தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்கள் வந்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தும் வரை வந்துகொண்டே இருந்தார்கள். அதன் பிறகு தோட்டத்துக்கு வேண்டிய கைகள் தோட்டத்திலேயே பிறந்து வளர வேண்டியிருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால், அந்தப் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைத் தோட்டத்தைத் தாண்டி அனுப்புவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல என்பதே என் கருத்து. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தார்கள். (அதே பள்ளிகள்தாம் நம் மொழியையும் காப்பாற்றின. அது தனியாகப் பேச வேண்டிய கதை.)

இதில் பலரும் மறந்துபோகும் ஒரு விஷயம் இருக்கிறது. லயத்து வீடு தொழிலாளியுடையது இல்லை. அது வேலையோடு சேர்ந்தது. வேலை இருந்தால் வீடு. வேலை போனால், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் அப்பா ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு, பட்டணத்தில் ரிமூவ் வகுப்பில் சேர்ந்தார். 1971இல் தாத்தா படுத்த படுக்கையானார். பாட்டி ஒருத்தியின் பெயர் மட்டும் செக்ரோலில் இருந்தால் வீடு நிலைக்காது என்று மண்டோர் சொல்லிவிட்டுப் போனாராம். மறுநாள் விடிகாலை, 13 வயதில், அப்பா தாத்தாவின் பால் கத்தியை எடுத்துக்கொண்டு நிரைக்குப் போனார். ரிமூவ் வகுப்பில் அவர் உட்கார்ந்தது ஒரே ஒரு தவணைதான்.

அப்பாவுக்கு எழுத்து வரைவது என்றால் உயிர். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பதாகை எழுதுவது அவர்தான். 'ழ'கரத்தின் வாலை அவர் இழுத்துவிடும் அழகைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள் என்று அத்தை சொல்வார். அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் தலைமுறை மட்டும் என்று இல்லை. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, வீடும் வேலையும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். தொழிலாளர்களே சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களை வாங்க வேண்டும் என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான். பிறகு 1980, 90களில் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் நகரங்களாகவும் மாறின. புத்ராஜெயா நிற்பதே பழைய பெராங் பெசார் தோட்ட நிலத்தில்தான். அங்கிருந்தவர்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் புறம்போக்கு நிலங்களுக்கும் போனார்கள்.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' படத்தை நேயர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். 2015 இறுதியில் திரைக்கு வந்து, 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பம். 12 வயது அப்போய். கற்பனை நிறைந்த பிள்ளை. "என்னை மாதிரி ஆகிவிடாதே, படி" என்பதைத் தவிர அவன் அப்பாவுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. அதையும் அடித்துத்தான் சொல்கிறார். படம் பார்த்த அன்று நான் பையனுக்காக அழுதேன். இரண்டாம் முறை பார்த்தபோது அந்த அப்பாவுக்காக அழுதேன்.

பழைய கேள்விக்குக் கிடைத்த பதில்

"டாக்டராகு, லாயராகு, இல்லையென்றால் டீச்சராகவாவது ஆகு" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அது எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிகிறதா? "நாளைக்கே யாரோ ஒருவர் வந்து வீட்டைக் காலி செய் என்று சொல்ல முடியாத வாழ்க்கை எது?" என்பதுதான் நம் பெரியவர்கள் கேட்ட கேள்வி. அரசாங்க உத்தியோகம், ஓய்வூதியம், பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் ஆகியவை அந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட பதில். அந்தக் காலத்துக்கு அது சரியான பதில். யாரும் குறை சொல்ல முடியாது.

சிக்கல் என்னவென்றால், பிள்ளைகளுக்கு நாம் பதிலை மட்டும் கொடுக்கிறோம், கேள்வியைச் சொல்வதில்லை. அதனால் பதில் கட்டளை ஆகிவிடுகிறது. கட்டளை என்று வந்துவிட்டால் பிள்ளை அடங்கிப் போவான், அல்லது எகிறுவான். இரண்டிலும் அவன் தன்னைப் பற்றி யோசிக்கவே போவதில்லை.

மருத்துவத்தையே எடுத்துக்கொள்வோம். நாட்டில் மருத்துவக் கல்லூரிகள் பெருகிவிட்டன என்று 2011இல் புதிய மருத்துவப் படிப்புகளுக்கு அரசாங்கம் தடை போட்டது. 2016 டிசம்பர் தொடங்கி, புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுத்தார்கள். 2021 ஜூலை 26ஆம் தேதி, கோவிட் உச்சத்தில் இருந்த நேரத்தில், ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதன் பிறகு கட்டங்கட்டமாக நிரந்தரப் பணியிடங்கள் தரப்பட்டன, உண்மைதான். ஆனாலும், "டாக்டருக்குப் படித்தால் அரசாங்க வேலை உறுதி" என்ற கணக்கு என் அப்பா காலத்தைப் போல இல்லை. மருத்துவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளியின் கையைப் பிடிக்க ஆசைப்படும் பிள்ளை தாராளமாகப் போகட்டும். வீட்டை அடமானம் வைத்து வாங்குவது பாதுகாப்பு என்று நினைத்துத்தான் அந்தப் படிப்பை வாங்குகிறோம் என்றால், கணக்கை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள் என்கிறேன்.

விட்டுவிட்டால் என்ன மிஞ்சும்?

கலந்துரையாடலில் ஒரு பெரியவர் எழுந்து நல்ல கேள்வி கேட்டார்: "முன்னோர் சொன்னதை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போனால் கடைசியில் நம்மிடம் என்ன மிஞ்சும்?"

அவருக்கு என் சிறுவயதுக் கதை ஒன்றைச் சொன்னேன். தோட்டத்தை விட்டு வந்த பிறகு அப்பா லாரி ஓட்டினார். தெங்கேராவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அங்கிருந்து சைக்கிளை மிதித்தால் காஜா பெராங், கம்போங் செட்டி. அந்தக் கம்பத்துப் பெண் ஒருத்தி என் வகுப்பில் படித்தாள். பெயருக்குப் பின்னால் 'பிள்ளை'. வாயைத் திறந்தால் மலாய். "தமிழ் தெரியாத தமிழச்சி" என்று கேலி செய்தோம். நானும் செய்தேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஒரு ஜனவரி மாதம், போகி அன்று, அவள் என்னை வீட்டுக்கு அழைத்துப்போனாள். 'பார்ச்சு' என்று சொன்னாள். முன்னோருக்குப் படையல். வாழை இலையில் சோறு, கறி, சம்பல், குவே என்று வரிசையாக வைத்திருந்தார்கள். சாரோங் கெபாயா உடுத்திய பாட்டி, மறைந்தவர்களை மலாய் மொழியில் சாப்பிட அழைத்தார். நெற்றியில் திருநீறு. எங்கள் வீட்டில் தாத்தாவின் படத்துக்கு வருடத்தில் ஒருமுறை மாலை போட்டால் பெரிது. இங்கே தலைமுறை தலைமுறையாக மறந்தவர்கள் யாருமில்லை.

போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன்பிருந்தே இங்கே வாணிபம் செய்த தமிழர்களின் வழிவந்தவர்கள் மலாக்கா செட்டிகள். உள்ளூரில் மணம் செய்தார்கள். மொழி மாறியது, உடை மாறியது, சாப்பாடு மாறியது. சைவம் மாறவில்லை. டச்சுக்காரர் காலத்தில் 1781இல் அவர்கள் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் ஜாலான் துக்காங் எமாஸில் இன்றும் நிற்கிறது. நாட்டின் மிகப் பழைய இந்து ஆலயங்களுள் அதுவும் ஒன்று.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மொழியை விடுவது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ் பேசித்தான் நான் சோறு சாப்பிடுகிறேன். புரியாத மொழியில் தேவாரம் கேட்கும் வருத்தம் அந்தப் பாட்டியிடமே இருந்தது. அதோடு, யாரும் ஒருநாள் உட்கார்ந்து முடிவெடுத்து அந்த மாற்றத்தைச் செய்யவில்லை. அது தானாக நடந்தது. ஆனால், பெரியவர் கேட்ட கேள்விக்கு அந்த வீட்டில் விடை இருந்தது. உடுத்துவது, பேசுவது, பிழைப்பது எல்லாம் மாறிய பிறகும் ஒரு குடும்பம் தன் முன்னோருடைய குடும்பமாகவே இருக்க முடிகிறது. அப்படியிருக்க, நம் வீட்டுப் பையன் ஸ்டெதஸ்கோப்புக்குப் பதிலாகக் கரண்டியைப் பிடித்தால் வம்சமே அழிந்துவிடும் என்று நாம் பதறுகிறோம்!

1997 மே 23ஆம் தேதி எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாக மலேசியக் கொடியை நட்டவர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும். நம் வீட்டில் ஒரு பிள்ளை "மலை ஏறப் போறேன்" என்று வந்து நின்றால் என்ன சொல்லியிருப்போம்? யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு 2006இல் வந்தபோது "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்ட பெரியப்பாக்களை எனக்கே தெரியும்.

கம்மலைக் கழற்றிக் கொடுத்த பெண்

எதிர்பார்ப்பை விடுவது என்றால் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு போவது என்று இளைஞர்கள் சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்காக ஜானகியைப் பற்றிச் சொன்னேன். 1925இல் கோலாலம்பூரில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கு என்ன எதிர்பார்ப்பு இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் மலாயாவுக்கு வந்து, முடிந்ததைக் கொடுங்கள் என்று கேட்டபோது, காதில் இருந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்தார் ஜானகி. அடுத்து, ஜான்சி ராணி படையில் சேரப்போகிறேன் என்றார். வீட்டில் கடும் எதிர்ப்பு, முக்கியமாக அப்பாவிடமிருந்து. ஜானகி ஓடிப்போகவில்லை. பேசினார், மறுபடியும் பேசினார், அப்பா சம்மதிக்கும் வரை பேசினார். பிறகு அந்தப் படையின் துணைத் தளபதியாகப் பர்மா வரை போனார். மலாயா திரும்பி, 1946இல் ம.இ.கா. தொடங்கப்பட்டபோது அதில் பங்காற்றினார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014இல் மறைந்தார்.

அந்தப் படையில் தோட்டத்துப் பெண்களும் ஏராளம். லயத்திலிருந்து போனார்கள், துப்பாக்கி பிடித்தார்கள். போர் முடிந்ததும் பலர் திரும்பிவந்தது அதே லயத்துக்குத்தான். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த மேடையிலும் ஒலிப்பதில்லை. தன் விருப்பப்படி வாழ்வதற்குத் துணிவு மட்டும் போதாது, பின்னால் தாங்குவதற்கு ஏதாவது வேண்டும் என்பதற்காகவே இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

என் கதையும் அதுதான். ஆறாம் படிவத்தில் உயிரியல் இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் சரியில்லை. டிப்ளோமாவுக்குப் பொதுசனத் தொடர்பியல் எடுக்கிறேன் என்றதும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அதுல பென்ஷன் உண்டா?" இல்லை என்றேன். எட்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பெரட்டுக் களத்துக் கதையை அத்தை வழியாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கு இருந்த வயசுல உங்களுக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன். அன்று இரவு இரண்டு மணி வரை பேசினார். கடைசியில் சம்மதம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாள் என் சான்றிதழ்களை நகலெடுத்துக்கொண்டு வந்தார்.

அவர் பயந்ததும் பொய்யில்லை. எனக்கு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான் சம்பளம். ஊழியர் சேமநிதி கிடையாது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து படப்பிடிப்புகள் நின்றபோது மாதக்கணக்கில் ஒரு வெள்ளி வருமானம் இல்லை. கார் தவணையைக் கட்டியது அப்பாவின் சேமிப்பு. ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதன் பிறகு நானே ஒவ்வொரு மாதமும் சேமநிதிக்குப் பணம் போடுகிறேன். அப்பாவின் பதிலை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால், அவருடைய கேள்வியில் பாதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

நிகழ்ச்சி முடிய மூன்று நிமிடம் இருந்தது. மெர்லிமா அம்மா இணைப்பிலேயே காத்திருந்தார். "தம்பியிடம் புத்தி சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்கலாமா, அம்மா? நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று அவனிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவங்கப்பா தோட்டத்துல கங்காணி வீட்டுக்கு எதிர்த்தாப்புல நின்னு அழுததை நான் பாத்திருக்கேன். அதையெல்லாம் பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.

"சொல்லுங்கள். அப்படியே, கணக்கையும் அவனையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கல்லூரிக்கட்டணம் எவ்வளவு, முதல் சம்பளம் எவ்வளவு, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பான் என்று. ஆமாம், அவன் சமைத்து நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா?"

"போன தீபாவளிக்கு ஆட்டுக்கறி அவன்தான் வச்சான். எங்க மாமியார் கை மணம் அப்படியே..." என்று அவர் ஆரம்பிக்கும்போது நேரம் முடிந்து, இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.